ஸ்டோன்வேர்: தயவுசெய்து 'கல் பாத்திரம்' என்று எழுதாதீர்கள்

போன மாதம் என் சித்தி வீட்டில் ஒரு கிண்ணம் அடுப்பிலேயே பிளந்துபோனது. பரிசாக வந்த ஸ்டோன்வேர் கிண்ணம், நல்ல கனம், சாம்பல் நீலத்தில் பூச்சு. பெட்டிக்குள் இருந்த தாளில் தமிழில் 'உயர்தரக் கல் பாத்திரம்' என்று அச்சடித்திருந்தார்கள். சித்தி கல்யாணமான நாளிலிருந்து கல்சட்டியில் வத்தக்குழம்பு வைக்கிறவர். கல் பாத்திரம் புதிதாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். எண்ணெயும் மஞ்சளும் தடவி வைத்தார், நாலைந்து நாள் சூடான கஞ்சித்தண்ணீர் ஊற்றிப் பழக்கினார், அப்புறம் சிறு தீயில் ஏற்றினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, படீரென்று இரண்டு துண்டு. நல்லவேளை, மேலே எதுவும் தெறிக்கவில்லை. "கல்லுன்னுதானேப்பா போட்டிருக்கு?" என்று அந்தத் தாளை என்னிடம் நீட்டினார். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. தப்பு முழுக்க அந்தத் தாளை மொழிபெயர்த்தவருடையது.

இந்த மொழிபெயர்ப்பைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இணையக் கடைகளின் தமிழ்ப் பக்கத்தில், வார இதழ்களின் வீட்டுக்குறிப்புகளில், சமையல் காணொளிகளின் எழுத்துகளில் எல்லாம் கல் பாத்திரம், கல் தட்டு. கொஞ்சம் இலக்கியம் படித்தவர் என்றால் கற்கலம், கற்பாண்டம். சித்தியின் கிண்ணத்தைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஸ்டோன் என்றால் கல், வேர் என்றால் சரக்கு. ஆனால் அந்தச் சரக்கு களிமண்தான். சாதாரண மண்பானை ஏறத்தாழ ஆயிரம் டிகிரியிலோ அதற்கும் கீழேயோ வெந்துவிடும், நுண்துளைகள் அப்படியே இருக்கும், அதனால்தான் பானைத் தண்ணீர் கசிந்து கசிந்து குளிர்கிறது. அதற்கென்று தேர்ந்தெடுத்த களிமண்ணை 1200 முதல் 1300 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் மண்ணுக்குள் இருப்பவை பாதி உருகிக் கண்ணாடிபோல் இறுகித் துளைகளை அடைத்துவிடும். தட்டினால் கணீரென்று கல் மாதிரி ஒலிக்கும், தண்ணீர் குடிக்காது. அந்த 'கல் மாதிரி'தான் பெயராகிவிட்டது. ஜெர்மானியர்கள் ஸ்டைன்சோய்க் என்கிறார்கள், அதிலும் கல் உண்டு. அதே கல்லை வைத்து ஸ்டைன்கூட் என்று இன்னொரு சொல்லும் வைத்திருக்கிறார்கள், அது குறைந்த சூட்டில் சுட்டுப் பூச்சுப் போட்ட மண்பாண்டம். பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் கிரே என்ற சொல்லுக்கு மணற்கல் என்றும் பொருள். இந்த மொழிகளிலெல்லாம் கல் என்பது உவமை. தமிழில் எழுதும்போது உவமையைத் தூக்கிப் பொருளாக வைத்துவிட்டோம்.

'அதனால் என்ன, அவர்கள் உவமையாகச் சொல்வதை நாமும் உவமையாகச் சொல்லலாமே, தோசைக்கல் இரும்பில்தானே இருக்கிறது, யார் குழம்பினார்கள்?' என்று மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். நல்ல கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியே என் பக்கம்தான் சாய்கிறது. நம் சமையலறையில் கல் என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். தோசைக்கல், அம்மிக்கல், ஆட்டுக்கல், கல்சட்டி, கல்லுரல். ஒன்று நெருப்பில் ஏறும், இல்லையென்றால் அரைக்க, இடிக்க உதவும். இரும்பாக இருந்தாலும் தோசைக்கல் கல் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. ஸ்டோன்வேர் தட்டு இந்த இரண்டு வேலையும் செய்யாது. அது சாப்பிடவும் ஊற்றி வைக்கவும் ஆனது. அதை நேராகத் தீயில் வைத்தால் அடி வேகமாகச் சூடேறும், விளிம்பு பின்தங்கும், ஒரு பக்கம் விரிய மறுபக்கம் விரியாமல் பிளந்துவிடும். கல்சட்டி பிளக்காமல் இருப்பதற்குக் காரணம் அது மாக்கல்லைக் குடைந்து செய்தது, மாக்கல் மென்மையானது, சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடுவது. சேலம் பக்கத்துக் கல்சட்டி இன்றும் கடைகளில் கிடைக்கிறது, அதற்குத் திரும்புகிறவர்களும் கூடிக்கொண்டு வருகிறார்கள். இப்படி உயிரோடு புழங்கும் ஒரு பெயரைப் பிடுங்கி, நேர்மாறான குணமுள்ள பொருளுக்குச் சூட்டினால் அதற்குப் பெயர் மொழிபெயர்ப்பா?

கற்கலம் என்பது கேட்க அழகாக இருக்கிறது. எனக்கும் கலம் என்ற சொல் மிகவும் பிடிக்கும், புழக்கத்துக்கு வந்தால் மகிழ்ச்சிதான். ஆனால் கற்கலம் என்றால் கல்லால் ஆன கலம் என்று பொருள், அகழாய்வில் உண்மையாகவே கல்லில் குடைந்த பாத்திரம் கிடைத்தால் அதை என்னவென்று எழுதுவது? சுடுமண் பாத்திரம் என்று எழுதுகிறவர்கள் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறார்கள், மண்ணைச் சுட்டதுதானே. ஆனால் சுடுமண் என்ற சொல் டெரகோட்டாவுக்கு நன்றாக ஊன்றிவிட்டது, சுடுமண் பொம்மை, சுடுமண் உறைகிணறு என்று பள்ளிப்பிள்ளைகள் வரை தெரியும், அது தண்ணீர் குடிக்கும் மண். வன்பீங்கான் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பீங்கான் தொழிலிலேயே வன்மை, மென்மை என்று போர்சலினுக்குள், அதாவது ஒளி ஊடுருவும் வெள்ளைப் பீங்கானுக்குள், ஒரு பிரிவு உண்டு, அதனால் அதுவும் சிக்கல்.

இவ்வளவு புதுச்சொல் தேடுகிறவர்களில் ஒருவராவது தன் வீட்டுப் பரணைப் பார்த்தாரா என்பதுதான் என் வருத்தம். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, கனமான மூடி போட்ட ஊறுகாய் ஜாடி இருக்கிறதே, அதுதான் ஸ்டோன்வேர்! உப்பும் புளிப்பும் எண்ணெயும் வருஷக்கணக்கில் கிடந்தாலும் ஊறிக் கசியாமல் அது நிற்பதற்குக் காரணம் மேலே சொன்ன அந்த இறுக்கம்தான். தெற்கே அதைப் பரணி என்பார்கள். வீட்டில் எல்லோரும் சொல்வது பீங்கான் ஜாடி. ஆக, பொருளும் நம்மிடம் இருந்தது, பெயரும் இருந்தது. ஆங்கிலப் பெயரோடு புதிய அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியதும் அதை நாம் அடையாளம் காணவில்லை.

பீங்கான் பாரசீகச் சொல், அங்கே பிங்கான் என்றால் கிண்ணம். அரபியில் அது ஃபின்ஜான் ஆகிக் காப்பிக் கோப்பையைக் குறிக்கிறது. மலையாளத்தில் பிஞ்ஞாணம், சிங்களத்தில் பிங்கான என்றால் தட்டு, மலாயில் பிங்கான் என்றாலும் தட்டுதான். செட்டிநாட்டுப் பக்கம் மங்கு என்று ஒரு சொல் உண்டு, மங்குச் சாமான் என்று எனாமல் பூசிய தட்டுகளையும் சேர்த்துச் சொல்வார்கள். மலாயில் மங்குக் என்றால் கிண்ணம், இரண்டையும் சேர்த்துப் பிங்கான் மங்குக் என்றால் சாப்பாட்டுப் பாத்திரங்கள் எல்லாம். கடல் வழி வந்த பொருள்களின் பெயர்கள் இப்படித்தான் கரை கரையாக ஒதுங்கும். இராமநாதபுரம் பக்கத்துப் பெரியபட்டினத்தில் 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் சில்லுகள் தோண்டக் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு காலமாக நமக்குப் பழக்கமான பொருள் இது.

பீங்கான் அயல்மொழிச் சொல்லாயிற்றே என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்பார்கள். நான் அவர்கள் கட்சிதான் பெரும்பாலும். பீங்கான் இருக்கும்போது செராமிக் என்று எழுதினால் எனக்குக் கோபம் வரும். ஆனால் ஒலியிலும் வழக்கிலும் தமிழாகிவிட்ட ஒரு சொல்லை விலக்கிவிட்டுத் தவறான பொருள் தரும் தமிழ்ச்சொல்லை வைப்பது தூய்மை ஆகாது. பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே பொருள் தருகிற சொல்தான் எனக்கு முதலில் வேண்டும்.

பீங்கான் என்றால் போர்சலின்தானே என்பது இன்னொரு மறுப்பு. அகராதியில் அப்படி இருக்கலாம், வீட்டில் அந்த வேறுபாட்டை யாரும் பார்த்ததில்லை, ஒளி ஊடுருவும் வெள்ளைத் தேநீர்க் கோப்பையும் பீங்கான், ஊறுகாய் ஜாடியும் பீங்கான். பொதுவாகப் பீங்கான் என்று எழுதுங்கள். பிரித்துச் சொல்லியே ஆகவேண்டிய இடத்தில் ஸ்டோன்வேருக்கு ஜாடிப் பீங்கான், போர்சலினுக்கு வெண்பீங்கான். ஜாடிப் பீங்கான் என்று சித்தியிடம் சொன்னேன். "ஓ, ஊறுகாய் ஜாடி மாதிரியா, அதை எதுக்கு அடுப்புல வைக்கப்போறேன்" என்றார். எனக்கு வேறு சான்று வேண்டாம்.

அதே தாளில் இன்னும் இரண்டு சொற்கள் என்னைப் பாடாய்ப் படுத்தின. ஒன்று மெருகு. கிளேஸ் என்பதை மெருகு, மெருகூட்டல் என்று எழுதுகிறார்கள், ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போடுவதைக்கூட 'இரட்டை மெருகூட்டல்' என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். மெருகு என்பது தேய்த்துத் தேய்த்து வரவழைக்கும் பளபளப்பு, நகைக்கும் மரத்துக்கும் சரி. கிளேஸ் என்ற சொல்லே கிளாஸ் என்பதிலிருந்து வந்தது. பாத்திரத்தின் மேல் பூசிய கரைசல் சூளையில் உருகிக் கண்ணாடியாகப் படிகிறது. கண்ணாடிப் பூச்சு என்று எழுதினால் முடிந்தது. மெருகு போனால் அழகு போயிற்று என்று மட்டும் நினைப்போம், கண்ணாடி விரிந்தால் கவனிக்க வேண்டும் என்று தோன்றும்.

இரண்டாவது கிரேசிங், அதாவது கண்ணாடிப் பூச்சு மட்டும் மெல்லிய கோடுகளாக விரிவது. எந்திரத்திடம் கொடுத்து வாங்கி ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியிருக்கிறார்கள், 'பைத்தியம் ஏற்பட்டால் பயன்படுத்த வேண்டாம்' என்று இருந்தது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு ஆதியில் நொறுங்குதல், விரிதல் என்றுதான் பொருள், மனம் நொறுங்குவது என்ற பொருள் பிறகு வந்தது. இங்கே வேண்டியது பழைய பொருள். பூச்சு விரிசல் என்று நான் எழுதுவேன். வெறுமனே விரிசல் என்றோ வெடிப்பு என்றோ எழுதினால் போதாது, ஏனென்றால் பாத்திரமே விரிவது வேறு.

எப்படி வருகிறது என்றால், சூளை ஆறும்போது மண்ணும் சுருங்கும், மேலே உள்ள பூச்சும் சுருங்கும். பூச்சு மண்ணைவிட அதிகம் சுருங்கினால் இழுவை தாங்காமல் சிலந்திவலை போல் விரிந்துவிடும். சோடியமும் பொட்டாசியமும் மிகுந்த பூச்சு அதிகம் சுருங்கும், சிலிக்காவைக் கூட்டினால் அடங்கும், இது செய்கிறவர் சூளையில் சரிசெய்ய வேண்டியது, நாம் வீட்டில் பசை தடவியோ ஓவனில் வைத்தோ சரிசெய்ய முடியாது. சீனாவின் சோங் காலத்துக் கலைஞர்கள் அழகுக்காக வேண்டுமென்றே இதை வரவழைத்தார்கள், அது தனிக்கதை. நேர்மாறாகப் பூச்சு குறைவாகச் சுருங்கினால் விளிம்பில் செதில் செதிலாகப் பெயரும். பெயர்வது கண்ணாடிச் சில்லு, அந்தத் தட்டை அன்றே தூக்கிப் போடுங்கள்.

பூச்சு விரிந்த தட்டை என்ன செய்வது? மண் நன்றாக இறுகியிருந்தால் விரிசல் மேலோடு நிற்கும், பெரிய ஆபத்தில்லை, ஆனால் தட்டின் வலு குறையும். மண் சரியாக வேகவில்லை என்றால் விரிசல் வழியாகச் சாம்பாரும் தயிரும் உள்ளே போய் மஞ்சள் கோடாக நிற்கும், கழுவினாலும் வாடை போகாது. தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. தட்டை இரவு முழுக்கத் தண்ணீரில் போட்டு, துடைத்து, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரோடு மைக்ரோவேவில் ஒரு நிமிஷம் வையுங்கள். தம்ளரைவிடத் தட்டு சூடாக இருந்தால் அது தண்ணீர் குடித்திருக்கிறது. அப்புறம் அதில் வாழைப்பழமோ சாவியோ வைக்கலாம், சாப்பாடு வேண்டாம். தட்டிப் பார்த்துக் கணீர் வராமல் மொத்தையாகச் சத்தம் வந்தால் பாத்திரமே விரிந்திருக்கிறது, அதைக் கழித்துவிட வேண்டியதுதான்.

வாங்கும்போதே கவிழ்த்துப் பாருங்கள். புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு பீங்கான் கலைஞர்கள் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கிய பிறகு அந்த வட்டாரத்தில் ஜாடிப் பீங்கான் செய்கிறவர்கள் பெருகினார்கள், அங்கே ஒருவர் எனக்குக் காட்டிய வழி இது. அடியில் பூச்சில்லாத வளையம் இருக்கும், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால் என்ன பெயர் போட்டிருந்தாலும் அது ஜாடிப் பீங்கான் ஆகாது. முத்துப்போல் நின்றால் நல்ல சரக்கு. விளிம்பு உருண்டையாக இருக்கட்டும், கூர்விளிம்பு கழுவும் தொட்டியில் இடித்த முதல் நாளே சில்லாகப் பெயரும். அடிவளையம் சொரசொரவென்று இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது கீழ்த்தட்டின் பூச்சைக் கீறிவிடும். நாம் புளியும் எலுமிச்சையும் நிறையச் சேர்க்கிறவர்கள், அதனால் ஒரு எலுமிச்சைத் துண்டைப் பூச்சின் மேல் இரவு முழுக்க வைத்துப் பாருங்கள், காலையில் நிறம் வெளுத்திருந்தால் அந்தப் பூச்சில் சாப்பிட வேண்டாம்.

அந்தத் தாளில் இருந்திருக்க வேண்டியது நாலு வரிதான். 'இது ஜாடிப் பீங்கான் கிண்ணம். அடுப்பில் வைக்கக்கூடாது, பழக்கவும் வேண்டாம். கொதிப்பதை ஊற்றுமுன் வெந்நீரில் ஒருமுறை அலசுங்கள். கண்ணாடிப் பூச்சில் விரிசல் விழுந்தால் சாப்பாட்டுக்கு எடுக்காதீர்கள்.'