எம்பெடட் கண்டெய்னரில் டெஸ்ட் விழுந்தால், ஜாரைத் தேடும் முன் பிழையைப் படியுங்கள்

பாரிமுனை, ராயபுரம் பக்கத்துக் கப்பல் ஏஜென்சிகளுக்கும், மணலி, திருவொற்றியூர் சரக்கு நிலையங்களுக்கும் எழுதிய ஜாவா மென்பொருள்களில் ஜாவா ஈஈ 6 (நிறுவன மென்பொருளுக்கான ஜாவாவின் பழைய பதிப்பு) காலத்து நிரல்கள் இன்றும் கிடக்கின்றன. கேட் பாஸ், டெமரேஜ் என்ற தாமதக் கட்டணக் கணக்கு, கப்பல் பெட்டி எண் சரிபார்ப்பு என்று ராப்பகலாக ஓடும் வேலை. நிறுத்திவிட்டுப் புதிதாக எழுத யாரும் விடமாட்டார்கள். பிற்பாடு ஒருநாள் எம்பெடட் கண்டெய்னரில், அதாவது சரக்குப் பெட்டியல்ல, டெஸ்டுக்குள்ளேயே எழும்பும் குட்டி சர்வரில், யூனிட் டெஸ்ட் சேர்க்க உட்காரும்போதுதான் தொல்லை தொடங்கும். கம்பைல் ஆகிறது, டெஸ்ட் ஓடமாட்டேன் என்கிறது. உடனே காணாமல் போன கிளாஸின் பெயரை நெட்டில் தேடி, கிடைத்த ஜாரை (கிளாஸ்களைக் கட்டிவைத்த ஜாவா கோப்பு) லிப் ஃபோல்டரில் போடுவது நம் பையன்களுக்குப் பழகிப்போன வைத்தியம். ஒரு பிழை போகும், அடுத்தது வரும். கடைசியில் அந்த ஒரு கணினியில் மட்டும் பச்சை விழும்.

முதலில் பிழையின் பெயரைப் பாருங்கள். 'கிளாஸ் நாட் ஃபவுண்ட் எக்ஸப்ஷன்' என்றால் ஜார் உண்மையிலேயே இல்லை. 'நோ சச் மெத்தட் எரர்' என்றால் ஜார் இருக்கிறது, வெர்ஷன் தப்பு. புதிதாக எதையும் சேர்க்காமல் ஜார்களை இறக்கி பில்டு செய்யும் மேவனின் டிபெண்டென்சி ட்ரீ கட்டளையை வெர்போஸோடு ஓட்டி, எந்த வெர்ஷன் ஜெயித்தது என்று பாருங்கள். மேவனில் கிளையில் கிட்டத்தில் இருப்பது ஜெயிக்கும், தூரம் சமமென்றால் முதலில் எழுதியது. மேவன் போன்ற இன்னொரு கருவியான கிரேடிலில் வழக்கமாகப் பெரிய வெர்ஷன் ஜெயிக்கும்.

ஏமாற்றுவது 'நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்'. அதன் பக்கத்தில் 'குட் நாட் இனிஷியலைஸ் கிளாஸ்' என்று இருந்தால் ஜார் அங்கேயே இருக்கிறது. அந்தக் கிளாஸின் ஸ்டாட்டிக் பகுதி முன்பே ஒருமுறை விழுந்துவிட்டது, ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் மறுபடி முயலவில்லை, அவ்வளவுதான். முதல் டெஸ்டில் 'எக்ஸப்ஷன் இன் இனிஷியலைஸர் எரர்' என்று அசல் காரணம் வந்திருக்கும். அதற்கப்புறம் விழும் டெஸ்டுகள் எல்லாம் இந்த இரண்டாவது பிழையையே காட்டும். லாக்கின் அடியைப் பார்த்துவிட்டு ஜார் தேடப் போனால் பொழுது போய்விடும். மேலே ஏறி முதலில் விழுந்த டெஸ்டைப் படியுங்கள்.

இனி ஜாவா ஈஈ 6-க்கே உரிய பொறி. 'ஆப்சென்ட் கோட் ஆட்ரிபியூட்' என்று 'கிளாஸ் ஃபார்மட் எரர்' வருகிறதா? மேவனின் ஜார் பட்டியலான பாம் ஃபைலில் ஜாவாஈஈ-ஏபிஐ 6.0 இருக்கும். அந்த ஜாரில் கிளாஸும் மெத்தட் பெயரும் உண்டு, மெத்தட்டின் உடல் கிடையாது. ஷோகேஸில் வைக்கும் டம்மி போன் மாதிரி: பார்க்கலாம், பேச முடியாது. கம்பைலருக்கு அது போதும், ஓட்டும் ஜேவிஎம்முக்குப் போதாது. சர்வரில் தெரியாமல் போனதற்குக் காரணம், அங்கே 'சர்வரே தரும்' என்று குறிக்கும் ப்ரொவைடட் ஸ்கோப் அதை வெளியே நிறுத்திவிடுகிறது, சர்வரின் சொந்த ஜார் வேலை செய்கிறது. ஆனால் ப்ரொவைடட் என்று போட்டது டெஸ்ட் கிளாஸ்பாத்தில் (ஜேவிஎம் கிளாஸ் தேடும் இடங்களின் பட்டியல்) ஏறும். இது பலருக்கும் தெரிவதில்லை.

தீர்வு இரண்டு. எம்பெடட் கிளாஸ்ஃபிஷ் (ஒரு ஜாவா ஈஈ சர்வர்) ஜாரை டெஸ்ட் ஸ்கோப்பில், பாம் ஃபைலில் ஜாவாஈஈ-ஏபிஐக்கு மேலே எழுதுங்கள். மேவன் 2.0.9 முதல் எழுதிய வரிசையில்தான் கிளாஸ்பாத் அமையும். மேலே இருக்கும் முழு கிளாஸ் முதலில் ஏறிவிடும். ஆனால் நாளைக்கு யாராவது பாம் ஃபைலை அகரவரிசையில் அடுக்கினால் பழைய பிழை திரும்பும், அதனால் அந்த இடத்தில் ஒரு கமெண்ட் போட்டு வையுங்கள். இரண்டாவது வழி, உடல் உள்ள ஏபிஐ ஜாருக்கே மாறுவது; ஓப்பன்ஈஜேபி வெளியிட்ட ஜாவாஈஈ-ஏபிஐ அப்படிப்பட்டது. வரிசையை நம்பாத இந்த வழியே மேல்.

'நோ ஈஜேபி கண்டெய்னர் ப்ரொவைடர் அவெய்லபிள்' என்று வந்தால் கதை வேறு. ஈஜேபி என்பது சர்வர் பார்த்துக்கொள்ளும் ஜாவா ஈஈ கிளாஸ், அதாவது பீன். அதற்கான ஏபிஐ மட்டும் இருக்கிறது, அதை நடத்தும் கண்டெய்னரே கிளாஸ்பாத்தில் இல்லை. லைவ் சர்வர் எதுவோ அதன் எம்பெடட் ஜாரை, அதே வெர்ஷனில் சேருங்கள். கண்டெய்னர் ஏறிவிட்டது, பீனைப் பெயரால் தேடும் லுக்அப் மட்டும் விழுகிறது என்றால் லைப்ரரி மேல் பழி போடாதீர்கள். எம்பெடட் கிளாஸ்ஃபிஷில் மாட்யூல் பெயர் பெரும்பாலும் ஃபோல்டர் பெயரான 'கிளாஸஸ்'தான். வார் (சர்வரில் ஏற்றும் கோப்பு) பெயரைப் போட்டுத் தேடினால் பீன் கிடைக்காது.

கிரேடில் பக்கம் போனவர்களுக்கு இன்னொன்று. அங்கே ப்ரொவைடட் போன்ற 'கம்பைல் ஒன்லி' டெஸ்டுக்கு வராது. 'டெஸ்ட் இம்ப்ளிமெண்டேஷன்' என்று தனியாக எழுத வேண்டும். மறந்துவிட்டால் பிழை வரும் என்றுகூட நம்ப முடியாது. அனொட்டேஷனின் (மெத்தட்டின் மேல் ஒட்டும் '@' குறி) கிளாஸ் ஓடும் நேரத்தில் இல்லையென்றால் ஜேவிஎம் வாயே திறக்காமல் அதைத் தள்ளிவிடும். 'போஸ்ட் கன்ஸ்ட்ரக்ட்' மெத்தட் ஓடாது, எங்கோ ஓர் இடத்தில் 'நல் பாயிண்டர்' விழும், யாரும் ஜாரைச் சந்தேகிக்க மாட்டார்கள்.

அதே அனொட்டேஷனும் எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்டாக்கும் ஜேஏஎக்ஸ்பியும் (JAXB) 2018-ல் வந்த ஜாவா 11-இல் ஜாவாவின் சொந்தத் தொகுப்பான ஜேடிகேயிலிருந்தே நீக்கப்பட்டன. ஜாவா 8-இலிருந்து தாவினால் ஜேஏஎக்ஸ்பிக்கு ஏபிஐ, ரன்டைம் இரண்டையும் சேர்க்க வேண்டும். ஏபிஐ மட்டும் போட்டால் மறுபடியும் டம்மி போன் கதைதான். வெப் கோரிக்கைகளைக் கையாளும் சர்வ்லெட் விஷயத்தில் பாக்கேஜ் பெயரே மாறியது. சர்வ்லெட்டை ஓட்டும் டாம்கேட் சர்வரில் 9 வரை 'ஜாவாஎக்ஸ்', 10 முதல் 'ஜகார்த்தா'. ஜகார்த்தா சர்வ்லெட் ஏபிஐ என்ற பெயரில் வரும் ஜாரிலும் 4.x வெர்ஷனுக்குள்ளே பழைய 'ஜாவாஎக்ஸ்' பாக்கேஜ்தான், 5.0 முதல்தான் புதியது. ஜாரின் பெயரை நம்பாமல் திறந்து பாருங்கள்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் பில்டு ஓட்டும் சிறிய அலுவலகங்களில் பாதியில் அறுந்த டவுன்லோடும் இதே வேஷத்தில் வரும். ஜிப் ஹெடர் பற்றிப் பிழை வந்தால் பாம் ஃபைலைத் தொடாதீர்கள். மேவன் ஜார்களைச் சேர்த்துவைக்கும் எம்2 ரெப்பாசிட்டரியில் அந்த ஒரு ஜாரின் வெர்ஷன் ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் இறக்குங்கள். 'லாஸ்ட் அப்டேட்டட்' கோப்பு மட்டும் கிடந்தால் மேவனை 'யு' கொடியோடு ஓட்டினால் போதும்.

இவ்வளவு பாடு எல்லா டெஸ்டுக்கும் தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி எண்ணின் கடைசி இலக்கம் ஐஎஸ்ஓ 6346 கணக்கு. எழுத்துகளுக்கு 10 முதல் மதிப்பு, 11-இன் மடங்குகளை விட்டுவிட்டு. ஒவ்வொன்றையும் இடத்துக்கேற்ப 1, 2, 4, 8 என்று பெருக்கிக் கூட்டி 11-ஆல் வகுத்த மீதி. மீதி 10 வந்தால் 0. சிஎஸ்கியூயூ (CSQU) 305438-க்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. இதற்கு ஈஜேபியும் வேண்டாம், கண்டெய்னரும் வேண்டாம். சாதாரண கிளாஸாகப் பிரித்து வெறும் ஜேயூனிட்டில் ஓட்டுங்கள். ட்ரான்ஸாக்ஷன், இஞ்செக்ஷன் தொடும் டெஸ்டுகளை மட்டும் எம்பெடட் கண்டெய்னரில் தனி ப்ரொஃபைலில் வையுங்கள். கமிட் செய்யுமுன் காலியான லோக்கல் ரெப்பாசிட்டரி ஒன்றைக் காட்டி, லிப் ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு ஒருமுறை முழுதாக ஓட்டிப் பாருங்கள். கையால் போட்ட ஜார் ஏதாவது ஒளிந்திருந்தால் அப்போதே விழும்.