பாயிண்ட் 22 பிஸ்டல்: இலக்கு பார்த்துச் சுட ஆசைப்படுபவருக்குச் சட்டம் என்ன தருகிறது?

25 மீட்டர் பிஸ்டல் போட்டியில் வேகச் சுற்று என்று ஒன்று உண்டு. துப்பாக்கி பிடித்த கை 45 டிகிரி தாழ்ந்திருக்க வேண்டும். எதிரே 7 விநாடிக்குச் சிவப்பு விளக்கு. பச்சை எரிந்ததும் கையில் இருப்பது 3 விநாடி. அதற்குள் கையை உயர்த்தி, குறியைப் பிடித்து, விசையை அலுங்காமல் அழுத்தி, ஒரே ஒரு குண்டு சுட வேண்டும். மறுபடி கை கீழே, மறுபடி சிவப்பு. இப்படி 5 தடவை. இலக்கில் 10 புள்ளி வட்டத்தின் அகலம் 10 சென்டிமீட்டர்தான். இதில் ஒருமுறை ருசி கண்டவர்கள் லேசில் விடமாட்டார்கள்.

இந்த ஆட்டத்தைச் சாத்தியமாக்குவது பாயிண்ட் 22, அதாவது 0.22 அங்குல அளவுள்ள ரிம்ஃபயர் தோட்டா. பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவில் தனியாகத் தீமூட்டி பதித்திருப்பார்கள். ரிம்ஃபயரில் அந்த மருந்து தோட்டாவின் அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கும். ஊசி விளிம்பில் தட்டினால் பற்றிக்கொள்ளும். அதனாலேயே சில ரிம்ஃபயர் துப்பாக்கிகளில் தோட்டா இல்லாமல் விசையைத் தட்டிப் பழகக் கூடாது. ஊசி நேரே தோட்டா உட்காரும் அறையின் விளிம்பில் மோதி அதை நசுக்கிவிடும். குண்டு ஏறக்குறைய 2.6 கிராம் ஈயம். உதைப்பு மிகக் குறைவு என்பதால் கை பயந்து துள்ளப் பழகுவதில்லை. தவறு எங்கே நடந்தது என்பது சுடுபவருக்கே உடனே தெரிந்துவிடும். வயதானவர்களும் கை வலுவில்லாதவர்களும்கூட நன்றாகச் சுடுவது இந்த ரகத்தில்தான்.

சரி, இந்தியாவில் இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? “பிஸ்டல் லைசென்ஸ் எப்படி வாங்குவது?” என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். “எந்த கிளப்பில் சேர்வது?” என்று கேட்பதே சரியான தொடக்கம் என்பேன். காரணம் சட்டத்திலேயே இருக்கிறது.

துப்பாக்கி விஷயங்களை ஆள்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும், அதன் கீழ் வந்த 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும். சட்டத்தின் 13-ஆவது பிரிவைக் கவனமாகப் படித்தால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். மத்திய அரசு அங்கீகரித்த ரைஃபிள் கிளப் அல்லது ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினர், இலக்குப் பயிற்சிக்காக பாயிண்ட் 22 ரைஃபிளோ ஏர் ரைஃபிளோ கேட்டால் உரிமம் வழங்க வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. குற்றப் பின்னணி, மனநிலை, பொது அமைதி போன்ற தடைகள் எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிஸ்டலுக்கு இந்தச் சலுகை இல்லை. ரைஃபிளும் பிஸ்டலும் ஒரே தோட்டாவைச் சுட்டாலும், பிஸ்டல் ‘மற்றவை’ என்ற வரிசைக்குப் போய்விடுகிறது. அந்த வரிசையில் இருப்பவர் தகுந்த காரணம் காட்டி, அதிகாரி அதில் திருப்தி அடைந்தால்தான் உரிமம் கிடைக்கும்.

பொழுதுபோக்காகச் சுடுபவர் எந்தத் தகுந்த காரணத்தைக் காட்ட முடியும்? கிளப் உறுப்பினர் என்பதையும், தொடர்ந்து பயிற்சிக்கு வந்ததையும், போட்டிகளில் எடுத்த ஸ்கோரையும்தான். “எனக்குப் பிடிக்கும்” என்று விண்ணப்பத்தில் எழுதினால் வேலை நடக்காது. பிடிக்கும் என்பதற்குச் சாட்சி காகிதத்தில் இருக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் நேரே கலெக்டர் ஆபீஸுக்குப் போய் அலைந்து சலித்தவர்கள் நிறையப் பேர்.

கிளப்பில் சேர்ந்தால் கிடைக்கும் பெரிய நன்மை, சொந்தத் துப்பாக்கி இல்லாமலேயே சுடலாம் என்பது. துப்பாக்கியும் தோட்டாவும் கிளப்பின் பெயரில், கிளப்பின் உரிமத்தில் இருக்கும். உறுப்பினர் பயிற்சியாளரின் கண்காணிப்பில், ரேஞ்சு எனப்படும் சுடுதளத்துக்குள் சுட்டுவிட்டு, துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரை ஆகிய ஊர்களில் ரைஃபிள் கிளப்கள் உண்டு. சேரும்போது முகவரிச் சான்று, புகைப்படம், போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் கேட்பார்கள். கட்டணம் கிளப்புக்கு கிளப் மாறும். வாரம் ஒருநாள் மட்டும் மனநிறைவாகச் சுட்டுவிட்டு வர நினைப்பவருக்கு இந்த ஏற்பாடே போதும். சொந்தத் துப்பாக்கி என்றால் வீட்டில் பூட்டி வைக்கும் பொறுப்பு, புதுப்பித்தல், போலீஸ் விசாரணை எல்லாம் கூடவே வரும்.

வயது விஷயத்தில் பெற்றோர் குழம்புவதுண்டு. உரிமம் பெற 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் சட்டத்தின் 9-ஆவது பிரிவு பயிற்சிக்கு மட்டும் வழி விட்டிருக்கிறது. விதிகளில் ‘ஜூனியர் டார்கெட் ஷூட்டர்’ என்ற வகை 12 வயதிலிருந்து தொடங்குகிறது. பெரியவரின் நேரடிக் கண்காணிப்பில் பள்ளிப் பிள்ளைகள் பழகலாம். அனிஷ் பன்வாலா 2018 காமன்வெல்த் போட்டியில் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 15. இந்த வழி இல்லாவிட்டால் அந்தப் பதக்கமும் இல்லை.

அப்புறம், ஏர் பிஸ்டல். 0.177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத குழாயும், 20 ஜூலுக்கு மிகாத வேகசக்தியும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. கடைக்காரர் அடையாளச் சான்று வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். 10 மீட்டர் போட்டிக்கான ஏர் பிஸ்டல் இந்த வரம்புக்குள் நிற்கிறது. நிற்கும் நிலை, மூச்சு, குறி பார்ப்பது, விசையைப் பதமாக அழுத்துவது எல்லாம் இதிலேயே கற்றுக்கொள்ளலாம். விசையின் எடையில் மட்டும் வித்தியாசம் உண்டு. ஏர் பிஸ்டலில் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் பாயிண்ட் 22 பிஸ்டலில் குறைந்தது 1,000 கிராம் என்று சர்வதேச விதி. மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஏர் பிஸ்டலில் 2 வெண்கலம் வென்றார், பாயிண்ட் 22 சுடும் 25 மீட்டர் பிஸ்டலில் 4-ஆவது இடம் பிடித்தார். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். புதிதாக வருபவர் ஏர் பிஸ்டலில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவுக்கும் பிறகு சொந்தமாக ஒரு பிஸ்டல் வேண்டும் என்றால், விண்ணப்பம் ஏ-1 படிவத்தில். துப்பாக்கி உரிமங்களுக்கான தேசியத் தரவுத்தள இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். உரிமம் வழங்கும் அதிகாரி, மாவட்டங்களில் மாவட்ட நிர்வாகம், சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனர். அடையாள, முகவரிச் சான்றுகளோடு மருத்துவச் சான்றிதழ், துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ், வீட்டில் துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி ஆகியவையும் தேவை. விளையாட்டு வீரர் என்ற முறையில் கேட்பவர் கிளப்பின் கடிதத்தையும் போட்டிச் சான்றிதழ்களையும் மறக்காமல் இணைக்க வேண்டும். நான் சொன்ன ‘தகுந்த காரணம்’ இந்தக் கட்டுக்குள்தான் இருக்கிறது.

போலீஸ் அறிக்கைக்கு விதி கொடுக்கும் காலம் 30 நாள். அறிக்கை வந்தபின் 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். போலீஸ் அறிக்கை குறித்த காலத்தில் வராவிட்டால், அதற்காகக் காத்திருக்காமலே முடிவெடுக்க அதிகாரிக்குச் சட்டம் அதிகாரம் தருகிறது. இது பலருக்குத் தெரியாது. நடைமுறையில் கோப்பு மாதக்கணக்கில் தூங்குவதும் உண்டு. அப்போது இந்த விதியைக் காட்டி மரியாதையாக எழுத்தில் நினைவூட்டலாம். உரிமம் கிடைத்ததும் தேசியத் தரவுத்தளத்தில் ஒரு தனி அடையாள எண் ஏறும். அந்த எண் இல்லாத உரிமம் செல்லாது. உரிமத்தின் காலம் இப்போது 5 ஆண்டு. 2019 திருத்தத்துக்கு முன்பு 3 ஆண்டாக இருந்தது.

அதே 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 3-லிருந்து 2 ஆகக் குறைத்தது. தாத்தா வழியில் வந்த இரட்டைக் குழல் துப்பாக்கியும் இந்தக் கணக்கில் சேரும். சுடும் வீரர்கள் இதைக் கேட்டுக் கலங்கிப்போனார்கள். 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை அமைச்சகம் விதியைத் திருத்தி வழி செய்தது. ஜூனியர் டார்கெட் ஷூட்டருக்கும், வளரும் நிலையில் உள்ள ‘ஆஸ்பைரிங் ஷூட்டர்’ வகையினருக்கும் விளையாட்டுக்காக 2 துப்பாக்கி. ‘ரினௌன்ட் ஷாட்’ எனப்படும் தகுதி பெற்றவருக்கு ஒரு போட்டிப் பிரிவில் என்றால் 8, இரு போட்டிப் பிரிவில் 10, அதற்கு மேல் 12 வரை. இவை எல்லாம் சாதாரணக் குடிமகனாக அவருக்கு உள்ள 2 துப்பாக்கிக்கு மேற்பட்டவை.

ரினௌன்ட் ஷாட் என்பது புகழ்ச்சிப் பட்டம் இல்லை. தேசியச் சுடும் சாம்பியன்ஷிப்பில் கலந்துகொண்டு, தேசிய ரைஃபிள் சங்கம் வகுத்த குறைந்தபட்சத் தகுதி ஸ்கோரை எடுத்தவர் என்று பொருள். அந்தச் சங்கம் 1951-இல் தொடங்கியது. மக்களவையின் முதல் சபாநாயகர் மாவ்லங்கர் தொடங்கிவைத்தது. அவர் பெயரில் நடக்கும் அகில இந்தியப் போட்டி, தேசியப் போட்டிக்கு ஏறும் படிகளில் ஒன்று. மாநிலப் போட்டியில் கவனமாகச் சுட்ட ஒவ்வொரு குண்டும் பின்னால் உரிமக் கோப்பில் உதவுகிறது.

ஸ்கோர் எங்கே பளிச்சென்று பயன்படும் என்றால், துப்பாக்கி வாங்கும்போதுதான். பர்தினி, வால்தர், மோரினி போன்ற போட்டிப் பிஸ்டல்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். சாதாரண உரிமக்காரர் இஷ்டப்படி இறக்குமதி செய்ய முடியாது. தகுதி பெற்ற வீரர்கள் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கவும், சுங்க வரியில் விலக்குக் கேட்கவும் வழி இருக்கிறது. மற்றவர்கள் நாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் பழைய துப்பாக்கிகளையோ உள்நாட்டுத் தயாரிப்பையோ பார்க்க வேண்டியதுதான். தோட்டாவுக்கும் அளவு உண்டு. ஒரே நேரத்தில் எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு என்று உரிமத்தில் எழுதியிருக்கும். வீரர்களுக்கு அந்த அளவு அதிகம். 2020 திருத்தம் அதை மேலும் கூட்டியது. மிச்சத் தோட்டாவை நண்பருக்குக் கொடுப்பது, கடனாக வாங்குவது எல்லாம் கூடவே கூடாது.

எங்கே சுடலாம் என்பதில் சட்டம் விட்டுக்கொடுப்பதில்லை, விட்டுக்கொடுக்கவும் கூடாது. சொந்தத் தோப்பு, மதில் வைத்த பண்ணைவீடு என்பதெல்லாம் ரேஞ்ச் ஆகாது. சின்னத் தோட்டாதானே என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பாயிண்ட் 22 குண்டு தடுப்பார் இல்லாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும். ரேஞ்சில் குண்டைத் தாங்க மண்மேடு இருக்கும், கட்டளை தரும் அதிகாரி இருப்பார். “ஸ்டாப்” என்றதும் மேகசினைக் கழற்றி, அறை காலி என்று காட்டி, பளிச்சென்ற நிறத்தில் ஒரு பாதுகாப்புக் கயிற்றைக் குழாயில் செருகிவிட்டுத்தான் யாரும் துப்பாக்கியை விட்டு நகர்வார்கள். பிறர் உயிருக்கு ஆபத்தாக அஜாக்கிரதையாகவோ கொண்டாட்டமாகவோ சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தது 2 ஆண்டு, 5 ஆண்டு வரை சிறை. உரிமம் காலாவதியானதைக் கவனிக்காமல் விட்டவரும் இந்தச் சிக்கலில் மாட்டக்கூடும்.

போட்டிக்கு வெளி மாநிலம் போகிறவர், உரிமத்தின் எல்லை இந்தியா முழுவதும் என்று இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். மாநிலத்துக்குள் மட்டும் என்றிருந்தால் விரிவாக்கம் கேட்கலாம். விமானத்தில் பிஸ்டல் கைப்பையில் போகாது. தோட்டா அகற்றி, பூட்டிய பெட்டியில், சரக்குப் பையாகப் பதிவு செய்ய வேண்டும். தோட்டா தனியே இருக்க வேண்டும். விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, உரிமத்தின் மூலப் பிரதியையும் போட்டி அழைப்புக் கடிதத்தையும் கையில் வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட வெகு சீக்கிரமாகப் போய்விடுவது நல்லது.

விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 14-ஆவது பிரிவு சொல்கிறது. கேட்டால் அந்தக் காரணத்தைச் சுருக்கமாகவாவது தர வேண்டும். பொதுநலன் கருதி அந்தக் காரணத்தைத் தர மறுக்கலாம் என்ற விதிவிலக்கு உண்டு. சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமத்தை மறுக்க முடியாது. இது எனக்கு மிகவும் பிடித்த வரி. வாடகை வீட்டில் இருக்கும் இளைஞரும் கேட்கலாம். 18-ஆவது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். “போதிய காரணம் இல்லை” என்று மறுத்திருந்தால், அடுத்த போட்டி ஸ்கோர், பயிற்சிப் பதிவேட்டின் நகல் என்று கூடுதல் ஆதாரத்தோடு போவதே பலன் தரும்.

தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். தேசிய ரைஃபிள் சங்கத்தின் உறுப்பினர்களாக, போட்டிகளில் கலந்துகொள்ளும் வீரர்களுக்கு இதில் தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதலே விலக்குத் தருகிறது. ஆனால் அது தானாக நடக்காது. சங்க உறுப்பினர் அட்டை, வரப்போகும் போட்டியின் அட்டவணை, கிளப்பின் கடிதம் ஆகியவற்றோடு, யாரிடம் துப்பாக்கியை வாங்கி வைப்பது என்று முடிவு செய்யும் மாவட்டக் குழுவிடம் எழுதிக் கேட்க வேண்டும். விலக்கு கையில் வராதவரை, சொன்ன தேதிக்குள் போலீஸ் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிஸ்டலின் வரிசை எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் ரசீதில் சரியாக ஏறியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.