பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு வண்டிக்காரர் தெருவில் நுழைந்தால் வீட்டில் துருப்பிடித்த கீல்கூட மிஞ்சாது. இரும்பைப் போட்டு, உடம்புக்கு இரும்புச்சத்தை வாங்குகிறோம் என்று பெரியவர்களுக்கு ஒரு திருப்தி. கணக்குப் பார்த்தால் அந்தப் பண்டமாற்றில் நட்டம் நமக்குத்தான்.

100 கிராம் பழத்தில் இருக்கும் இரும்பு சுமார் 1 மில்லிகிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் பெண்களுக்குப் பரிந்துரைத்ததோ நாளுக்கு 29 மில்லிகிராம். அந்த ஒன்றும் முழுதாக உடம்பில் சேராது. தாவர உணவில் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்ச வைட்டமின் சி கைகொடுக்கும். காய்ந்த பேரீச்சையில் அது இல்லாததற்குச் சமம். இரத்தசோகை மாத்திரையை நிறுத்திவிட்டுப் பேரீச்சையை நம்புவது வீண் வேலை.

சரி, அப்படியானால் இதில் என்னதான் இருக்கிறது? முதலில் சர்க்கரை. பழத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுதான். அது சேரும் விதம் அழகானது. அரபு நாடுகளில் பழம் பழுப்பதை நான்கு பருவமாகப் பிரிப்பார்கள். கிம்ரி, பச்சைக் காய். கலால், மஞ்சளோ சிவப்போ ஏறிய செங்காய். ருதப், கனிந்து குழைவது. தமர், ஈரம் வற்றிச் சுருங்குவது. காயில் நாக்கை இழுக்கும் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்ற வேதிப்பொருள். கனியும்போது அது எச்சிலில் கரையாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. பழத்துக்குள்ளேயே இருந்தாலும் நாக்குக்குத் தெரிவதில்லை. தர்மபுரியில் விளையும் பர்ஹி ரகத்தைச் செங்காயாகவே கடித்துத் தின்னலாம், அதில் துவர்ப்பு அவ்வளவு குறைவு.

கனியும்போதே இன்வர்டேஸ் என்ற நொதி இன்னொரு வேலையும் பார்க்கிறது. நாம் காப்பியில் போடும் அதே சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடைக்கிறது. குடல் செய்யவேண்டிய வேலையை மரமே முடித்துக் கொடுத்துவிடுகிறது. நாள் முழுக்க நோன்பிருந்தவரின் கல்லீரலில் கிளைகோஜன், அதாவது சேமித்துவைத்த சர்க்கரை, குறைந்திருக்கும். இரண்டு மூன்று பழம் தின்றதும் சர்க்கரை சீக்கிரம் இரத்தத்தில் சேர்கிறது. துனிசியா, அல்ஜீரியாவின் டெக்லெட் நூர் ரகம் மட்டும் விதிவிலக்கு, அதில் சுக்ரோஸே தூக்கல்.

இவ்வளவு சர்க்கரை இருந்தும், ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசெமிக் குறியீடு பல ரகங்களுக்கு 50-ஐ ஒட்டியே இருக்கிறது (வெறும் குளுக்கோஸுக்கு 100). சர்க்கரையில் ஏறக்குறைய பாதி ஃபிரக்டோஸ். அது கல்லீரலுக்குப் போவதால் இரத்தச் சர்க்கரையை நேரடியாக ஏற்றாது. கூடவே 100 கிராமுக்கு 7 கிராம் நார்ச்சத்து. மலச்சிக்கலுக்குப் பாட்டி சொன்ன வைத்தியம் பலிப்பது இந்த நாரால்தான்.

இதை வைத்துச் சர்க்கரை நோயாளிகள் டப்பாவைத் திறந்துவிடக் கூடாது. மெட்ஜூல் என்ற பெரிய ரகத்தின் ஒரு பழத்தில் 66 கலோரி, 16 கிராம் சர்க்கரை. தேக்கரண்டியில் அளந்தால் மூன்று, நான்கு வரும்.

உண்மையில் பேரீச்சை பெருமைப்படவேண்டியது பொட்டாசியத்துக்கு. மெட்ஜூலில் 100 கிராமுக்கு 700 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. எடைக்கு எடை வாழைப்பழத்தைப்போல இரண்டு மடங்கு. இரத்த அழுத்தத்துக்கு நல்லது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அதே பொட்டாசியம் ஆபத்து. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு பழம்கூடத் தொடவேண்டாம்.