பில்லில் விலை கூடினால் என்ன செய்யலாம்? எம்ஆர்பி, யூனிட் விலை, புகார் வழிகள்

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் 145 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருக்கும், பில்லில் 160 விழும். கேட்டால், "எம்ஆர்பியே 165 சார், அதுக்குக் கீழேதானே போட்டிருக்கோம்" என்பார்கள். பெரும்பாலானவர்கள் இந்தப் பதிலோடு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். சட்டப்படி அந்தப் பதில் போதாது.

2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எந்தெந்த விலையைத் தாண்டி வசூலித்தால் புகார் செய்யலாம் என்று சொல்கிறது. சட்டம் நிர்ணயித்த விலை, பாக்கெட்டில் அச்சிட்ட விலை, கடை காட்சிக்கு வைத்த பட்டியலின் விலை, இருவரும் பேசி ஒப்புக்கொண்ட விலை ஆகிய நான்கில் எதை மீறினாலும் புகார் செல்லும். எம்ஆர்பி வெறும் உச்சவரம்புதான். கடையே 145 என்று எழுதி வைத்த பிறகு, அதற்கு மேல் வாங்க எம்ஆர்பியைச் சாக்காகக் காட்ட முடியாது.

இந்தத் தவறு எல்லா நேரமும் வேண்டுமென்றே நடப்பதில்லை. ஆஃபர் சீட்டை மாற்றியிருப்பார்கள், கணினியில் மாற்ற மறந்திருப்பார்கள். இன்னொன்று, பழைய சரக்குக்கும் புதிய சரக்குக்கும் ஒரே பார்கோடு இருக்கும், எம்ஆர்பி மட்டும் வேறாக இருக்கும். பில் போடுபவர் அவசரத்தில் கூடுதல் விலையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் முடிந்தது. உங்கள் கையில் இருக்கும் பாக்கெட்டில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதற்கு மேல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பால் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் சேர்ப்பதும், குளிர்பானத்துக்குக் 'கூலிங் சார்ஜ்' கேட்பதும் இதே விதிமீறல்தான். விதிவிலக்கு ஹோட்டல்களுக்கு உண்டு. உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்ஆர்பியைவிடக் கூடுதலாக வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது.

அச்சிட்ட விலையின் மேல் கூடுதல் விலை ஸ்டிக்கர் ஒட்டுவதற்கும் தடை உண்டு. விலையைக் குறைத்து ஒட்டலாம், அப்போதும் பழைய விலை தெரிய வேண்டும். இதெல்லாம் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள் 2011-இல் இருப்பவை.

அதே விதிகளில் 2021-இல் ஒரு திருத்தம் வந்தது. அதைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிஸ்கட், டீத்தூள், கோதுமை மாவு போன்ற 19 வகைப் பொருட்களை இன்னின்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்று அதற்கு முன்பு ஒரு அட்டவணை இருந்தது. திருத்தம் அதை நீக்கிவிட்டது. இனி 500 கிராமும் போடலாம், 450-உம் போடலாம், 435-உம் போடலாம். பதிலுக்கு, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட்டில் கிலோவுக்கு என்ன விலை, அதற்குக் குறைந்ததில் கிராமுக்கு என்ன விலை என்று எம்ஆர்பியோடு பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்றார்கள். எண்ணெய் போன்றவற்றுக்கு லிட்டர், மில்லி கணக்கு. இதுதான் யூனிட் விலை. 10 கிராம், 10 மில்லி வரையிலான குட்டிப் பாக்கெட்டுகளில் இது இருக்காது.

விலை ஏறியதா இல்லையா என்று கண்டுபிடிக்க இந்த எண்தான் உதவும். போன மாதம் 500 கிராம் 43 ரூபாய், இந்த மாதம் அதே உறையில் 450 கிராம் 42 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய் குறைந்தது போலத் தெரியும். கிலோவுக்குக் கணக்கிட்டால் 86 ரூபாய் இருந்தது 93 ரூபாய்க்கு மேல் போய்விட்டது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. யூனிட் விலையைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்தி, அருகிலுள்ள எண்ணாக முழுதாக்கித்தான் போடுவார்கள். மேலே சொன்ன இரண்டு பாக்கெட்டிலும் கிராமுக்கு 0.09 ரூபாய் என்றுதான் இருக்கும்! விலை மலிவான பொருளில் கிராம் கணக்கு இப்படி ஏமாற்றும். அப்போது செல்போன் கால்குலேட்டரை எடுங்கள்: எம்ஆர்பியை கிராம் எடையால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ விலை. பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பி எடுப்பவர்கள் ஒருமுறையாவது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அரிசி வாங்குபவர்கள் 26 கிலோ மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. அதைத் தாண்டினால் வரி இல்லை, அதனால் அந்த ஒரு கிலோ. 25 கிலோ மூட்டையோடு ஒப்பிடும்போது மூட்டை விலையைப் பார்க்காமல் கிலோ விலையைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவற்றுக்கு வரி 18-இலிருந்து 5 சதவீதமாகவும், நெய், வெண்ணெய்க்கு 12-இலிருந்து 5 ஆகவும் குறைந்தது. அந்தக் குறைப்பு உங்கள் பில்லுக்கு வந்து சேர்ந்ததா என்று பழைய பில்லை வைத்துப் பார்க்கலாம்.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசு முத்திரை வாங்க வேண்டும், முத்திரைச் சான்றிதழைக் கடையில் பார்க்கும்படி வைக்க வேண்டும். இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டியின் எடையையும் இனிப்பின் விலையில் போடுவது தவறு.

சரி, விலை தவறாக விழுந்துவிட்டது. முதலில் கவுன்டரிலேயே சொல்லுங்கள், அலமாரிச் சீட்டைப் படம் எடுத்து வைத்திருந்தால் பாதிப் பேச்சு மிச்சம். பல கடைகள் உடனே திருத்திவிடும். திருத்தாவிட்டால் பில், பாக்கெட், படம் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். யூபிஐயில் பணம் போன தகவல் பில் ஆகாது, என்ன பொருளுக்கு எவ்வளவு என்று அதில் இருக்காது. பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று 2019 சட்டம் சொல்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அவர்கள் கடையோடு பேசிப் பணத்தைத் திரும்பப் பெற முயல்வார்கள், ஆனால் தண்டிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. கடையில் சோதனை போட்டு நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் வேலை. உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். குறைந்த எடை, முத்திரையில்லாத தராசு என்றால் இந்த வழியே சரி.

நஷ்டஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இணையத்திலும் மனு போடலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் மனு போக வேண்டும். 15 ரூபாய்க்கு இவ்வளவா என்று தோன்றலாம், அது அவரவர் விருப்பம். ஒரே கடை திரும்பத் திரும்ப அதையே செய்தால் நான் முதலில் தொழிலாளர் துறைக்குத்தான் எழுதுவேன்.