‘முழு மனதோடும்’: டியனோயா என்ற சொல்லும் அதற்கேற்ற தமிழும்

மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரம் 30ஆம் வசனத்தில், கடவுளிடம் முழு இருதயத்தோடும், முழு ஆத்துமாவோடும், முழு மனதோடும், முழுப் பலத்தோடும் அன்புகூர வேண்டும் என்கிறார் இயேசு. மூன்றாவதாக நிற்கும் ‘மனது’ என்பதற்குக் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் டியனோயா. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ‘மனசாரக் கும்பிட்டேன்’, ‘மனசு கேக்கல’ என்னும்போது நாம் உணர்வையே குறிக்கிறோம். எண்ணிப் பார்த்து நடக்கச் சொல்வதற்கு ‘புத்தியா நடந்துக்கோ’ என்கிறோம். ஆகவே ஆலயத்தில் இந்த வசனம் வாசிக்கப்படும்போது, இருதயமும் மனதும் கேட்பவர் செவியில் ஒரே பொருளாய் விழ, மூலச்சொல் கேட்கும் சிந்தனை மட்டும் காணாமற்போகிறது.

‘டியா’ என்றால் ஊடாக. ‘நௌஸ்’ என்றால் அறிவு. இரண்டும் சேர்ந்த டியனோயா, ஒரு பொருளின் மேலோடு நிற்காமல் அதனூடே சென்று எண்ணும் ஆற்றலைக் குறிக்கும். (ஒலி ஒப்புமையால் ‘தியானம்’ நினைவுக்கு வரலாம், அது வேறு வேரிலிருந்து பிறந்த சொல்.)

இயேசு எடுத்துரைத்த கட்டளை, எபிரெயத்தில் எழுதப்பட்ட பழைய ஏற்பாட்டு நூலான உபாகமம் 6:5இல் இருக்கிறது. அங்கே இருதயம், ஆத்துமா, பலம் என மூன்றே உள்ளன. எபிரெயத்தில் இருதயத்தைக் குறிக்கும் ‘லேவாவ்’ என்ற சொல், அன்புக்கு மட்டுமின்றி எண்ணத்திற்கும் இருப்பிடமாதலால், அறிவைத் தனியே சொல்லும் தேவை அம்மொழியில் எழவில்லை. கிரேக்கத்தில் எழுதப்பட்ட நற்செய்தியிலோ அது டியனோயா எனத் தனிச்சொல்லாகவே நிற்கிறது. ரோமர் 12:2இல் ‘உங்கள் மனம் புதிதாகிறதினாலே’ என்ற இடத்திலும் மூலத்தில் இருப்பது நௌஸ்தான். மனம் எதற்காகப் புதிதாக வேண்டும் என்பதற்கு, தேவனுடைய சித்தம் இன்னதென்று ‘பகுத்தறியத்தக்கதாக’ என்று அதே வசனம் விடை தருகிறது. பகுத்தறிவை நம்பிக்கைக்கு எதிர்ச்சொல்லாகவே கேட்டுப் பழகிய நமக்கு, வேதத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலேயே அந்தச் சொல் இருப்பது மிகுந்த ஆறுதலைத் தருகிறது.

இனி, தமிழில் எந்தச் சொல் பொருந்தும்? ‘உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்’ என்ற குறளில் உள்ளுதல் என்பது எண்ணுதலே. அந்த வினையோடு உறவுடைய ‘உள்ளம்’, லேவாவ் போலவே உணர்வையும் எண்ணத்தையும் ஒருங்கே தாங்கும் அழகிய சொல். ஆனால் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்படும் பொது மொழிபெயர்ப்பு அதை ஆத்துமாவின் இடத்தில் ‘முழு உள்ளத்தோடும்’ என்று அமைத்துவிட்டதால், டியனோயாவுக்கும் அதையே வைத்தால் குழப்பமே மிஞ்சும். ஓசூர்ப் பகுதியில் தெலுங்கில் வேதம் வாசிக்கும் குடும்பங்கள் இவ்வசனத்தைப் ‘பூர்ணவிவேகமுதோனு’ என்று, அதாவது முழு விவேகத்தோடும் என்று வாசிக்கின்றன; பக்கத்து வீட்டுத் தமிழர் ‘மனது’ என்று வாசிக்கும் அதே இடம் அது.

மூலத்தின் ‘ஊடாக எண்ணுதல்’ என்ற நுட்பத்திற்கு மிக நெருங்கிய வினை ‘ஓர்தல்’ என்பது என் கருத்து. ஆராய்ந்து உணர்தல் என்பது அதன் பொருள். எனினும் அது இன்று பேச்சில் இல்லாத சொல். எனவே சபையில் உரக்க வாசிப்பதற்கு ‘முழு அறிவோடும்’ என்பதையே பரிந்துரைப்பேன். ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வி வகுப்பிலும், அங்கே அறிவு என்பது ஓர்ந்து அறிவது என்று ஆசிரியர் விளக்கலாம். பிள்ளை ஒன்று ‘ஏன்?’ என்று கேட்கும்போது அதை விசுவாசக் குறைவென்று அடக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருப்பதால், இவ்விளக்கம் அவசியம் என்று நினைக்கிறேன். இந்தக் கட்டளையே ஒரு வேதபாரகன், அதாவது யூத மறைநூல் அறிஞன், கேட்ட கேள்விக்கு மறுமொழியாகத்தான் சொல்லப்பட்டது. அதை ஏற்று அவன் பேசியதை ‘விவேகமாய்’ மறுமொழி சொன்னதாக 34ஆம் வசனம் குறிக்கிறது. அங்கே மூலத்தில் உள்ள ‘நௌனெகோஸ்’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள், நௌஸ் உடையவனாய் என்பதாகும்.