இரவில் குதிரை படுத்துப் புரண்டால் வைத்தியரை யார் கூப்பிடுவது?

யாழ்ப்பாணத்தில் குதிரை என்றதும் நெடுந்தீவுதான் ஞாபகம் வரும். நான் எழுதுவது அங்கே அவிழ்ந்து திரியும் குதிரைகளைப் பற்றியல்ல. வளவில் இடம் போதாமல், மாதக் காசு கொடுத்து இன்னொருவருடைய லாயத்தில் விட்டு வைக்கும் குதிரைகளைப் பற்றி.

தன் குதிரை செத்து நாலாம் நாள் ஒருவர் என்னிடம் வந்தார். கைபேசியை மேசையில் வைத்து, லாயக்காரர் அனுப்பிய குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். "அண்ணை, இது ஒண்டும் சாப்பிடேல்லை. வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது, காலாலை மண்ணைக் கிளறுது. டொக்டரைக் கூப்பிடட்டோ?" இரவு 9.10க்கு வந்த பதிவு. அவர் அதைக் கேட்டது விடிய 6 மணிக்கு. அதுவரை லாயக்காரர் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறார். ராத்திரியில் மிருக வைத்தியரைக் கூட்டி வந்தால் அந்தக் காசை யார் தருவது என்று இருவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுக்குள் அடைத்தால் மேலே வர வழியே இல்லை. விடியும்வரை பார்ப்போம் என்று விடக்கூடிய நோய் அல்ல அது. அந்தக் கிழமை வழக்கமான தீவனம் முடிந்துபோக, லாயக்காரர் தவிட்டைக் கூட்டிப் போட்டிருந்தார். திடீர் தீவன மாற்றம் குதிரையின் குடலுக்கு ஒத்துவராது. அதை வைத்துத்தான் நட்டஈடு கேட்டு லாயக்காரருக்கு நாங்கள் கடிதம் அனுப்பினோம். "நான் கேட்டேன், அவர்தான் மறுமொழி தரவில்லை" என்று பதில் வந்தது. இரண்டு பக்கமும் சொன்னது உண்மை.

இலங்கையில் இப்படியான பிணக்குகளுக்கு அடிப்படை, ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம். காசு வாங்கிப் பராமரிப்பவர் நியாயமான கவனம் எடுக்க வேண்டும். அவர் பொறுப்பில் இருந்தபோது குதிரைக்கு ஏதும் நடந்தால், தன் கவனக்குறைவால் நடக்கவில்லை என்று காட்டும் சுமை பொதுவாக அவருடையது. லாயம் நடத்துபவர்கள் பலர் இதைக் கேட்டதும் திகைத்துப் போகிறார்கள். சொந்தக்காரருக்கும் ஒன்று தெரிவதில்லை: குதிரை யாரையாவது உதைத்துக் காயப்படுத்தினால், தன் பக்கம் பிழை இல்லாமலே அவர் மீது வழக்கு வரலாம்.

வழக்குப் போடவும் காலக்கெடு உண்டு. 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சுக்கு 3 வருடம், கவனக்குறைவால் வந்த நட்டத்துக்கு 2 வருடம்.

சரி, என்ன எழுதி வைக்கலாம்? ஒரு தாள் போதும். கேட்காமலே வைத்தியரைக் கூப்பிடலாமா, எவ்வளவு காசு வரை, முதல் ஆள் போன் எடுக்காவிட்டால் அடுத்தது யார், தீவனத்தை மாற்றுவதென்றால் யாருக்குச் சொல்ல வேண்டும். பிழைக்காது என்று வைத்தியர் சொன்னால் வலியில்லாமல் சாக ஊசி போட யார் சம்மதிப்பது என்பதையும் எழுதுங்கள். அதை எழுதக் கை கூசும், எனக்குத் தெரியும். ஆனால் அந்த வலியில் குதிரை காத்துக் கிடக்கக் கூடாது.

அவர்கள் இருவரும் மத்தியஸ்த சபையில் பேசி முடித்தார்கள். சொந்தக்காரர் நட்டஈட்டை விட்டார், லாயக்காரர் நிலுவைக் காசை விட்டார். இருபது வருடப் பழக்கம். இப்போது கோயிலில் கண்டாலும் கதைப்பதில்லை.