எஸ்டேட் அல்ல, இன்டெஸ்டேட்

போன மாதம் பிறையிலிருந்து ஓர் அக்கா என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். இறந்துபோன கணவரின் சொத்துக்காகப் பினாங்கு உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய மனுவை அவர் மகள் வாய்விட்டுப் படித்தாள். "இன்டெஸ்டேட்" என்ற இடம் வந்ததும் அக்கா நிமிர்ந்தார். "எஸ்டேட்ல பொறந்தவர்தான் சார். ஆனா செத்தது ஜிஎச் ஆஸ்பத்திரியில."

ரப்பர் தோட்டத்தை எஸ்டேட் என்றே சொல்லி வளர்ந்தவர்களுக்கு அப்படித்தான் காதில் விழும். ஆனால் இரண்டுக்கும் வேர் வேறு. எஸ்டேட், நிலை என்று பொருள்படும் 'ஸ்டேட்டஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. இன்டெஸ்டேட்டுக்குள் இருப்பது 'டெஸ்டிஸ்', அதாவது சாட்சி. தன் சொத்து யாருக்கு என்று சாட்சி வைத்துச் சொல்லிவிட்டுப் போனவர் டெஸ்டேட்டர். சொல்லாமலே போனவர் இன்டெஸ்டேட். சாட்சி சொல்வதைக் குறிக்கும் டெஸ்டிஃபை-யும் இந்தக் குடும்பம்தான். (நாம் சொல்லும் 'உயில்' கூட ஆங்கில 'வில்'லிலிருந்து வந்ததே.)

"சரி சார், உயில் இல்ல. அதனால என்ன? வீடு எனக்குத்தானே?"

இதற்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு மனசு கனக்கும். வீடு கணவர் பேரில் இருக்கிறது, மாமியார் உயிரோடு இருக்கிறார். மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1958 பங்கீட்டுச் சட்டப்படி மனைவிக்கு 1/4, பெற்றோருக்கு 1/4, பிள்ளைகளுக்கு 1/2. பெற்றோர் இல்லையென்றால் மனைவிக்கு 1/3, மிச்சம் பிள்ளைகளுக்கு. இவருடைய கடைசி மகனுக்கு 11 வயது. அதனால் சொத்தை நிர்வகிக்க ஒருவர் போதாது, இரண்டு பேர் வேண்டும். நீதிமன்றம் விலக்குத் தராவிட்டால், அவர்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட இரண்டு ஜாமீன்தாரர்களும் தேவை. "சொந்தத்துல யாரு சார் கையெழுத்துப் போடுவா?" என்று மகளைப் பார்த்தார். அவள் தாளை மடித்துக்கொண்டே இருந்தாள்.

உயில் எழுத 18 வயது ஆகியிருந்தால் போதும். நீங்கள் கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். பங்கு பெறுகிறவரையோ அவர் கணவன் மனைவியையோ சாட்சியாகப் போடாதீர்கள், அந்தப் பங்கு செல்லாமல் போய்விடும். அப்புறம், உயில் எழுதிய பிறகு கல்யாணம் நடந்தால் பொதுவாக அது ரத்தாகும், புதிதாக எழுதுங்கள்.

அக்காவின் கணவர் ஒன்று மட்டும் செய்துவைத்திருந்தார். இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) படிவத்தில், தனக்குப் பிறகு பணம் பெறுபவராக மனைவி பெயரை எழுதியிருந்தார். அந்தப் பணம் இந்தப் பங்கீட்டில் சேரவில்லை, நேராக அக்கா கைக்கே வந்தது.